அப்பாவின் பையிலிருந்த மடக்குக் கத்தி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் பலருடைய கைகள் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கின்றன. முகம் கிடையாது, கை மட்டும்தான். ஒவ்வொரு உள்ளங்கையிலும் விரித்து வைத்த ஒரு மடக்குக் கத்தி. அப்பா எடுத்த படங்கள் அவை. ஆண்டு நினைவுக்கு ஒரு மலர் போடலாம், அதில் அப்பாவைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று தம்பி சொன்னபோது, பிறந்த ஊரில் தொடங்கி வரிசையாக எழுதிவிடலாம் என்றே நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் வரிசை வரமாட்டேன் என்கிறது; கத்திதான் முன்னால் வந்து நிற்கிறது. பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது காரைக்கால் பக்கம், கோட்டுச்சேரிக்கு மேற்கே, வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து தெருக்கள் மட்டுமே உள்ள ஒரு சிற்றூரில். குத்தகை நிலம், இரண்டு மாடு, ஓலை வீடு. அவருக்கு விவரம் தெரிவதற்குள் அவருடைய தந்தையார் காலமாகிவிட்டார். பெரியப்பா ஏரைப் பிடித்துக்கொண்டு, "நீ படி, நான் பாத்துக்கறேன்" என்று தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். சட்டை ஒன்றுதான், சாயங்காலம் துவைத்துக் காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போன நாட்கள் உண்டு என்று பெரியப்பா இன்றும் சொல்லுவார். படித்து முடித்து, கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றார். குறைவான சம்பளத்தில் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அலுவலகத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று, "வாங்க, உக்காருங்க, என்ன வேணும் சொல்லுங்க" என்பார். உட்கார நாற்காலி இருக்காது; தம்முடையதையே கொடுத்துவிடுவார். இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் எங்களிடம் கேட்கத் தயங்கியது, கத்தி. இதில் எங்களுக்கும் இன்றுவரை தெளிவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா அசைவம் தொடாதவர். எலுமிச்சம்பழம் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொண்டு வருவார். பென்சிலைக்கூட நான்தான் சீவிக் கொடுப்பேன். அப்பேர்ப்பட்டவருக்கு எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கிருந்தோ இந்தப் பித்துப் பிடித்தது. மடக்குக் கத்திகளைச் சேர்க்க ஆரம்பித்தார். கடையில் பளபளவென்று தொங்குவது வேண்டாம். ஒருவர் வருஷக்கணக்கில் மடியில் வைத்துப் புழங்கியதுதான் வேண்டும். வலைக்கயிறு அறுத்தது, ஒட்டுமாஞ்செடி கட்டியது, பாக்குச் சீவியது, பிடி தேய்ந்து அலகு பாதியாய்ப் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்த பெரியவர்களிடம் மரப்பிடி போட்ட கத்தி ஒன்று இருக்கும். கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகினால் அலகு அசையாது. அதைக் கண்டுவிட்டால் அப்பாவுக்கு அன்று சோறு இறங்காது.

சும்மா வாங்கமாட்டார். பழசைக் கொடுத்தவருக்கு அதே அளவில் புதுசு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவார். அதற்காகவே நாகூர் கந்தூரிக் கடைகளுக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கி வருவார். ஒருமுறை அந்தப் பையோடு மாயவரம் பக்கம் ஒருவரைப் பார்க்கப் போகும்போது எல்லைச் சாவடியில் பேருந்தை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் சோதனை என்றால் எதைத் தேடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் பையில் கையை விட்ட காவலர் வெளியே எடுத்தது கத்தி. அடுத்தும் கத்தி. அடிவரைக்கும் கத்தி. "என்னா சார், பிராந்தி பாட்டில் தேடுனா கத்தியா வருது?" என்று அவரே குழம்பிப் போய் அதிகாரியைக் கூப்பிட்டாராம். அப்பா பொறுமையாக ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டி விளக்க ஆரம்பித்திருக்கிறார். பேருந்து காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. கடைசியில் பயணிகள், "அவரு கொம்யூன் சார்தாங்க, நல்லவருதான், விட்டுடுங்க, எங்களுக்கு நேரமாவுது" என்று சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள்.

படம் எடுப்பதற்கென்று பழைய பெட்டிக் கேமரா ஒன்றையும் பிடித்தார். கத்தியைத் தந்தவரின் கையிலேயே அதைக் கடைசியாக ஒருமுறை வைத்துப் படம் எடுப்பது அவர் முறை. காரைக்காலில் படச்சுருள் கழுவிக் கொடுக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருநாள் தாங்கமாட்டாமல், "ஏன் சார், மொகத்தையும் சேத்து எடுக்கலாமே?" என்று கேட்டுவிட்டார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "மொகத்த எடுத்தா எல்லாரும் வெறைச்சுக்கறாங்க தம்பி. கைய எடுத்தா பேசிக்கிட்டே இருக்காங்க" என்றார் அப்பா. அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் எதற்காக எடுக்கிறார் என்பதற்கு அதில் பதில் இல்லையே.

கேட்காமல் இருந்தோமா என்றால், கேட்டோம். எங்கள் தெருவில் இருந்த பட்டாளத்துப் பென்ஷன் தாத்தாவிடம் அப்பா, வேலைக்குச் சேர்ந்த புதிதில் பென்சில் சீவக் கத்தி இல்லாமல் மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதாகவும், அந்த ரோஷத்தில் சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். பட்டினச்சேரியில் அவருக்கு ஒரு நண்பர், கடலுக்குப் போகிறவர். அவரிடம், கயிறு காலில் சுற்றிக் கடலில் விழ இருந்த ஒருவரை ஒரு சின்னக் கத்தி காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்ததாகவும், அதிலிருந்து கத்தி என்றால் ஒரு மரியாதை என்றும் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவிடம் அவர் எதையுமே சொல்லவில்லை. ஆனால் சின்ன வயதில் கத்தி கேட்டு அழுது அடி வாங்கிய ஏக்கம்தான் என்று பெரியப்பா தாமாகவே அடித்துச் சொல்லுவார். என்னிடம், "சும்மாதாம்மா" என்றார். எது நிஜம்? எல்லாமே நிஜமாக இருக்கலாம். ஒன்றுகூட இல்லாமலும் போகலாம். பொய் சொல்லுகிற மனிதர் இல்லை. ஆனால் கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிவிடுகிற மனிதர்.

இதனால் என் கல்யாணமே ஒருமுறை தட்டிப் போனது. உறவினர்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எழுதுகிறேன், அப்பாவை நினைக்கும்போது இதை விட்டுவிட முடியவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார், "போட்டோ ஆல்பம் இருந்தா குடுங்க, எல்லாரையும் பாத்துக்கலாம்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்துவிட்டார். அந்த அம்மா ஒரு பக்கம் புரட்டினார், இரண்டு பக்கம் புரட்டினார். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு கை, ஒரு கத்தி.

"இதுல பொண்ணு எங்கங்க?" என்று கேட்டார்.

"பொண்ணு கை கடைசிப் பக்கத்துல இருக்கு" என்றார் அப்பா, பெருமையாக.

அவர்கள் போன பிறகு அம்மா ஆடித் தீர்த்துவிட்டார். "அந்தச் சனியன் இந்த வூட்ட விட்டுப் போனாத்தான் எனக்கு நிம்மதி. அன்னிக்கே நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா இத்தன சண்ட வருமா?" என்று அழுதார். அப்பா சிரித்துக்கொண்டே சட்டைப்பையைத் தடவினார். "இந்தா, இப்ப வேணும்னாலும் தரேன்" என்றார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் இந்த இடத்தில்தான் வந்து முடியும். எண்ணெய் தீர்ந்த சண்டையாக இருந்தாலும், கோயிலுக்குப் போகாத சண்டையாக இருந்தாலும், "எல்லாம் அந்தக் கத்தியால" என்று அம்மா சொல்லுவார். அப்பா பையைத் தடவுவார். அம்மாவுக்கு அப்பாவின் கத்திப் பைத்தியம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நானும் தம்பியும் முடிவு கட்டியிருந்தோம். பிறகு எனக்கு மாயவரத்தில் நல்ல இடம் அமைந்தது. அவர்கள் ஆல்பம் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பின் அப்பா நன்றாகத்தான் இருந்தார். காலையில் நடை, பத்திரிகை, யாராவது கத்தியோடு வந்தால் கேமரா. திடீரென்று ஒருநாள் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயும் கோணிப் பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் வைத்திருந்தோம். அங்கே ஒரு மாலையில் என் கையைப் பிடித்து இழுத்தார். காதை அருகில் கொண்டுபோனேன்.

"கையில... கையில குடுத்துடு" என்றார்.

"எதப்பா? யாரு கையிலப்பா?"

இடது கையால் நெஞ்சைத் தடவினார். அங்கே சட்டை இல்லை, பையும் இல்லை. "கையிலதான் குடுக்கணும்" என்று மறுபடியும் சொன்னார், கொஞ்சம் கோபமாகவே. அதற்கப்புறம் அப்பா எங்களோடு பேசவில்லை. மறுநாள் போய்விட்டார்.

நர்ஸம்மா அப்பாவின் சட்டையை மடித்துக் கொடுத்தார்கள். பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பித்தளைப் பிடி, தேய்ந்து வழவழவென்று. ஏதோ ஒரு கத்தி எப்போதும் அப்பாவின் பையில் இருக்கும், சேர்த்ததில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வீட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கத்தியையும் அதன் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் கை இருந்தது. பித்தளைப் பிடிக் கத்திக்கு மட்டும் படமே இல்லை. கையில் கொடு என்று சொல்லிவிட்டுப் போனவர், அந்த ஒன்றுக்கு மட்டும் யார் கை என்று காட்டாமல் போயிருக்கிறார். புதுசு கொடுத்துப் பழசு வாங்கியவர் யாருக்கு எதைத் திருப்பித் தர வேண்டும்? ஒருவேளை இது ஒன்றை மட்டும் கேட்காமல் எடுத்துக்கொண்டாரா? அப்பாவா? அப்படி நினைத்ததற்கே எனக்கு அழுகை வந்தது.

"அம்மாகிட்ட இத இப்ப சொல்லாத அக்கா. கத்திப் பேச்ச எடுத்தாலே அவங்களுக்கு ஆவாது" என்றான் தம்பி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அம்மா கூடத்து மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தால் குடித்தார், அவ்வளவுதான். அவரை எதையும் கேட்க மனம் வரவில்லை. ஆனால் அப்பா கடைசியாக என்னிடம் ஒப்படைத்தது அது ஒன்றுதான். அதைக்கூடச் செய்ய முடியாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம், அம்மா காதில் விழாமல் வாசலில் வைத்து, அந்தக் கத்தியைக் காட்டினேன். அந்த நேரத்தில் அப்படிக் கேட்டதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்ஷன் தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "பட்டாளத்துல இருந்த சொல்தா எவனும் இத வச்சிருக்க மாட்டான். இதால ஒரு ரொட்டியக்கூட அறுக்க முடியாது. இது பொம்பளப் புள்ள கத்தி மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. பட்டினச்சேரி நண்பர் அதைக் கையில் நிறுத்துப் பார்த்து, "இது கடல்ல போன கத்தி இல்லங்க. உப்புக்காத்து பட்ட பித்தள இப்படி இருக்காது" என்று சொல்லிவிட்டார். பெரியப்பாவோ, "இது எங்கப்பாரு கத்திதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். சரி, விடை கிடைத்துவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள், எலும்புப் பிடி போட்ட இன்னொரு கத்தியை எடுத்து, "இதுவுந்தான்" என்றார். அதற்கடுத்த கத்தியையும் அப்படியே சொன்னார். தம் தம்பியை இழந்த துக்கத்தில் எல்லாவற்றையும் தம்முடைய வீட்டோடு சேர்த்துக்கொள்கிறார் என்று புரிந்தது. யாரிடம் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது. என் குழப்பம்தான் கூடிக்கொண்டே போனது.

மீதியை எழுதுவதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்தால் அப்போது என்னால் எழுத முடியுமா என்று தெரியவில்லை. அப்பா விழுந்த அன்று காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய எதிர்வீட்டார், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், நர்ஸம்மாக்கள், மாறி மாறிச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்கள், பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியதுவரை கூட நின்ற கொம்யூன் அலுவலக நண்பர்கள், பட்டினச்சேரியிலிருந்து அன்றைய தொழிலை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அழுதுகொண்டே வந்தவர்களிடம் கத்தியை நீட்டி, "இது உங்களுடையதா" என்று நான் கேட்டபோது, கிறுக்குப் பெண் என்று சொல்லாமல் நின்று பார்த்துப் பதில் சொன்னீர்களே, அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இனி அந்த நாள். கருமாதி முடிந்து, படையல் போட்டு, வெளியூர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா அந்தப் பித்தளைக் கத்தியைத் தமக்குக் கொடுத்துவிடச் சொன்னார். தம்பி முடியாது என்றான். "அப்பா யாரு கையிலயோ குடுக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க பெரியப்பா. யாருன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டான். கூடத்தில் அம்மாவின் தலை திரும்பியது.

"என்னாடா சொன்னாரு?" என்று கேட்டார். அத்தனை நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

நான் அருகில் போய் உட்கார்ந்து, மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன். கையில குடுத்துடு என்றதைச் சொன்னேன். கையிலதான் குடுக்கணும் என்று கோபித்துக்கொண்டதையும் சொன்னேன். அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். அதைப் பார்த்து எங்களுக்குப் பயமாக இருந்தது.

"அது என் கத்திடி" என்றார்.

அம்மா பூக்கட்டுகிற வீட்டுப் பெண். நார் நறுக்குவதற்காக அவருடைய தகப்பனார் வாங்கித் தந்த கத்தி அது. கல்யாணமாகி மறுவீட்டுக்கு வந்தபோது, மாலையின் நார் அப்பாவின் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டதாம். பழக்க தோஷத்தில் அம்மா முந்தியில் முடிந்து வைத்திருந்த கத்தியை அவிழ்த்து அப்பாவின் கையிலேயே கொடுத்துவிட்டார். கூட இருந்த பெரியவர்கள் பதறிப்போனார்கள். "கத்தியக் கையில குடுக்கலாமாடி? சண்ட வந்து ஒறவு அத்துப் போயிடும். கீழ வைக்கச் சொல்லி நீ எடுத்துக்க" என்றார்கள். அம்மாவும் நடுங்கிப்போய், கீழே வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்பா நாரை அறுத்துவிட்டு, கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார். "நீ கையில குடுத்த. நானும் கையிலதான் குடுப்பேன். வாங்கிக்க" என்றாராம்.

அம்மா வாங்கவில்லை. அப்பா கீழே வைக்கவில்லை. நாங்கள் பிறந்து, படித்து, எனக்குக் கல்யாணமாகி, எல்லாம் ஆன பிறகும் இருவரும் அந்த இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக ஒருமுறை அப்பா கேமராவோடு வந்து, கையை நீட்டு, வைக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். கீழ வைங்க, எடுத்துப் புடிக்கிறேன் என்று அம்மா சொல்ல, கேமரா உறைக்குள் திரும்பிப் போய்விட்டது.

"அப்ப இத்தன கத்தியும் எதுக்கும்மா சேத்தாங்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்னாடி தெரியும்? என் கத்திய இந்தக் கூட்டத்துல மறைச்சு வைக்கத்தானோ என்னவோ. இல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையோ. அவங்க கடைசியா குடுக்கச் சொன்னதுகூட இதா இல்லாம வேற ஏதாவதா இருந்தாலும் இருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்டுக்கிட்டு இருந்தது இதத்தான்."

தம்பி கத்தியை எடுத்துக்கொண்டு வந்தான். இந்த மாதிரிச் சாங்கியம் எதையும் நம்பாதவன் அவன். அன்று என்ன தோன்றியதோ, அம்மாவின் முன்னால் குனிந்து அதைத் தரையில் வைக்கப் போனான். அம்மா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மற்றொரு கையை விரித்து நீட்டினார்.

"கீழ வைக்காத. கையிலயே குடு. சண்ட போடவாச்சும் அவங்க வரட்டும்."

— மூத்த மகள்